ஐப்பசியில் உரம் வைக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டத்தில் பல்லாண்டுச் செடிகளுக்கு உரமிடும் முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முன்னால் தோட்ட வேலையை முடித்துவிடலாம் என்று, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி சனிக்கிழமையில், மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 11 குண்டுமல்லிப் புதருக்கும் யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றையும் எடை போட்டு வைத்தேன். மறுநாள் இரவு பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மார்கழியில் பார்த்தால் இலையெல்லாம் வெளுத்துக் கிடந்தது, பங்குனியில் பூவும் பாதிதான் வந்தது. வைத்த யூரியாவில் பெரும்பங்கு மணலில் இறங்கி எங்கள் கிணற்றுக்கே போயிருக்கும், அதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

நம் ஊரில் உரம் பற்றிய முதல் கேள்வி என்ன உரம் என்பது இல்லை, எப்போது என்பதுதான். ஒரு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பகுதிக்குள் கொட்டித் தீர்த்துவிடும் கடற்கரை இது. பெங்களூரிலோ ஊட்டியிலோ எடுத்த வீடியோவைப் பார்த்து "மாதம் ஒரு தடவை உரம்" என்று போனால், வருடத்தில் மூன்று தடவை உரம் வடிகாலுக்குப் போகும். இரண்டு மூன்று தடவை அக்னி வெயிலில் வேரைச் சுடும். மல்லி, ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா, தென்னை என்று வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் செடிகளுக்கு இது இன்னும் முக்கியம். கத்தரி, வெண்டை மாதிரி நான்கு மாதத்தில் பிடுங்கிப் போட்டு மண்ணைப் புதுப்பிக்க முடியாது. தப்பாகப் போட்டால் அதன் பலனோடுதான் அந்தச் செடி அடுத்த வருடமும் நிற்கும்.

படி 1: உங்கள் மண் எது?

கடலூர், புதுச்சேரி என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் பத்து கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடும். தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டிய இடங்களில் மணல். கேப்பர் மலை, லாஸ்பேட்டை, ஆரோவில் பக்கம் செம்மண். பாகூர் ஏரிப் பாசனப் பக்கமும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கமும் களி. இதற்கு மேல், புது மனைகளில் எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய நிரப்பு மண். அதில் செங்கல் தூளும் சிமெண்டுக் காரையும் கலந்திருக்கும், சுண்ணாம்பு அதிகமாகி இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போகும். வீடு கட்டிய புதிதில் வைத்த இட்லிப்பூச் செடி எவ்வளவு ஊற்றினாலும் மஞ்சளாகவே நிற்பது பல வீடுகளில் இதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். செடிக்குப் பக்கத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது பத்து நிமிடத்தில் காணாமல் போனால் மணல்: உரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கினால் நல்ல மண். மறுநாள் காலையிலும் நின்றால் களி. அங்கே உரத்தைவிட முதலில் வடிகால்தான் தேவை, வேர் மூச்சு விட முடியாத இடத்தில் எதைப் போட்டாலும் எடுக்காது.

மண் பரிசோதனை ஒரு தடவையாவது செய்துவிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம். தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில், மேல் குப்பையைத் தள்ளிவிட்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி, அரை அடி முதல் முக்கால் அடி ஆழம் வரை பக்கச் சுவரைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். உரம் வைத்து இரண்டு மாதத்துக்குள் எடுத்த மண் சரியான கணக்கைத் தராது. கார அமில நிலை, உப்பின் அளவு இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 2: தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா?

இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. ரசாயன உரமும் ஓர் உப்புதான். கடலோர ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தால், தினமும் தண்ணீர் ஊற்றும்போதே செடிக்கு உப்பு போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் நாம் கைப்பிடி கைப்பிடியாக உரத்தையும் வைக்கிறோம். இலை நுனி கருகும். "சத்து போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் வைப்போம். இன்னும் கருகும்.

குடிநீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 500-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 500-க்கும் 2000-க்கும் நடுவே இருந்தால் ரசாயன உரத்தைப் பாதியாக்கிக்கொண்டு தொழு உரத்தைக் கூட்டுங்கள். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் ரோஜா, எலுமிச்சை இரண்டையும் வளர்ப்பது போராட்டம்தான், மல்லியும் சுணங்கும். தென்னை, அரளி, நந்தியாவட்டை, சப்போட்டா தாங்கும். இப்படிப்பட்ட வீடுகளில் மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் செடிக்குச் செய்யும் பெரிய உதவி, எந்த உரமும் அதற்கு ஈடாகாது.

படி 3: நம் ஊர் உர நாட்காட்டி

தமிழ் மாதத்தில்தான் எனக்குக் கணக்கு வரும், மழையும் அப்படித்தான் வருகிறது.

தை, மாசி: வருடத்தின் முதல் பெரிய உரம் இப்போதுதான். மழை நின்றிருக்கும், மண்ணுக்குள் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறவில்லை, வேர் புதிதாக ஓடத் தொடங்கும். பொங்கல் முடிந்த வாரத்தில் ஆரம்பித்துவிடுங்கள்.

பங்குனி: பூச்செடிகளுக்கும் கொய்யாவுக்கும் மட்டும், கொஞ்சமாக.

சித்திரை, வைகாசி: குருணை உரம் எதுவும் வேண்டாம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரத்தில் செடி தண்ணீரைத் தக்கவைத்து உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். காய்ந்த இலை, மட்டையால் மண்ணை மூடி, அதாவது மூடாக்கு போட்டு, காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரையில் பூக்கும் மல்லிக்கு நீர்க்க விட்ட பஞ்சகவ்யம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆனியில் மழை தவறினாலும் ஆடி, ஆவணியில் இரண்டாவது பெரிய உரம். சாயங்காலத்தில் இடியோடு வந்து ஒரு மணி நேரம் பெய்துவிட்டுப் போகும் மழை இருக்கிறதே, உரம் கரைந்து வேருக்குப் போக அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

புரட்டாசி: முதல் பாதியில் தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கொஞ்சம் பொட்டாஷ். யூரியா வேண்டாம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகமாகி இளசாக நீண்ட கிளைகள்தான் புயலில் முதலில் முறியும், ஈரத்தில் பூஞ்சையும் அவற்றைத்தான் முதலில் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை: எதுவும் வேண்டாம். வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், பாத்தியை உடைத்துத் தண்ணீருக்கு வழி விடுங்கள். மழை ஓய்ந்த இடைவெளியில் இலை மஞ்சளானால் பதறாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

மார்கழி: மல்லிக்குக் கவாத்தும், அதாவது கிளை வெட்டுவதும், தொழு உரமும். மழை நின்றுவிட்டது என்று நம்பிக்கை வந்த பிறகு, மாதத்தின் பின்பாதியில், ரசாயன உரம்.

படி 4: முதலில் எரு

மணலுக்கு உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது, மட்கிய எருதான் அதைக் கொடுக்கிறது. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை எரு போடாமல் ரசாயன உரத்தை மட்டும் வைப்பது, என் பார்வையில், நம் கடலோர மண்ணில் காசைக் கரைப்பதுதான்.

தொழு உரம் வாங்கும்போது கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், சாணி நாற்றம் வந்தால், வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தால் அது மட்கவில்லை. ஒரு வருடம் நாங்கள் நம்பி வாங்கிய ஒரு லோடு அப்படித்தான் வந்தது. பார்க்காமல் எலுமிச்சைக்குப் போட்டுவிட்டோம், மூன்று வாரத்தில் பாதி இலை உதிர்ந்தது, அடுத்த மழைக்குத் தோட்டம் முழுவதும் கோரை. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எருவுக்குள் கட்டை விரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள். அவற்றில் பல, தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு அப்புறம் எருவைப் பரப்புங்கள். சரியாக மட்காத எருவை நிழலில் குவித்து, ஈரம் காட்டி, இரண்டு மூன்று மாதம் விட்டாலே போதும். கோழி எருவைப் பச்சையாக எந்தச் செடிக்கும் வைக்காதீர்கள், அதில் தழைச்சத்து அதிகம், வேரைச் சுட்டுவிடும்.

நம் பக்கத்திலேயே கிடைக்கும் மற்றவை:

நெல்லிக்குப்பம் மாதிரி கரும்பு ஊர்களில் கிடைக்கும் ஆலைக் கழிவு மண், அதாவது பிரஸ்மட். மட்கியதாக இருந்தால் மணலுக்கு அருமையானது. பச்சையாக வந்தால் சூடு கிளப்பும், மூன்று மாதமாவது குவித்து வைக்க வேண்டும்.

ஏரி வண்டல். கோடையில் அனுமதியோடு அள்ளும்போது கிடைத்தால் மணல் தோட்டத்துக்கு இரண்டு அங்குலம் பரப்புங்கள். களிமண் தோட்டத்துக்கு வேண்டாம்.

மீன் கழிவு. துறைமுக ஊரில் இருந்துகொண்டு இதை விடலாமா? கழுவிய மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில், மூன்று வாரம். வாயு வெளியேற அவ்வப்போது மூடியைத் தளர்த்திவிடுங்கள். தேன் நிறத்தில் சாறு இறங்கி, அழுகிய நாற்றம் போய்ப் பழ வாசனை வந்தால் மீன் அமிலம் தயார். லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளியுங்கள், வேருக்கு ஊற்றினாலும் அதே அளவு. ஆனால் கருவாட்டுத் தூளும் உப்புக்கண்டக் கழிவும் கூடவே கூடாது. அதில் உள்ள உப்பு மண்ணில் தங்கிவிடும்.

வேப்பம் புண்ணாக்கு. சத்தும் கொடுக்கும், வேர்ப்புழு, நூற்புழுவையும் ஓரளவு அடக்கும். யூரியாவோடு கலந்து வைத்தால் யூரியாவின் சத்து மெதுவாக வெளிப்படும், மணலுக்கு இது நல்ல உத்தி. ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு பொடித்த புண்ணாக்கு, கலந்து ஒரு நாள் வைத்திருந்து போடுங்கள்.

பசுந்தழையாக வேலியோரக் கிளிரிசிடியா, கொழிஞ்சி, எருக்கு, வேப்பந்தழை எது கிடைத்தாலும் வெட்டிச் செடியைச் சுற்றிப் போடலாம்.

முட்டை ஓடு கரைய வருடக்கணக்காகும், வாழைப்பழத் தோலில் இருப்பது மிகக் கொஞ்சம். இரண்டையும் மட்கு குழியில் போடுங்கள், செடி அடியில் போட்டு எறும்பை வரவழைக்க வேண்டாம்.

படி 5: கணக்கு

மூட்டையில் இருக்கும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கூடவே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும். சிவப்புப் பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். டி.ஏ.பி.யில் தழை 18, மணி 46.

குண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஒரு செடிக்கு வருடத்துக்கு 10 கிலோ தொழு உரம், தழை 60 கிராம், மணி 120, சாம்பல் 120. 60-ஐ 0.46-ஆல் வகுத்தால் 130 கிராம் யூரியா. 120-ஐ 0.16-ஆல் வகுத்தால் 750 கிராம் சூப்பர். 120-ஐ 0.60-ஆல் வகுத்தால் 200 கிராம் பொட்டாஷ். இதை இரண்டாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 65 கிராம், 375 கிராம், 100 கிராம். இது வயலில் நன்றாக வளர்ந்த செடிக்கான கணக்கு. வீட்டில் இரண்டு வயதுச் செடியாக இருந்தால் பாதி வையுங்கள். நம் மணலாக இருந்தால் யூரியாவையும் பொட்டாஷையும் இரண்டுக்குப் பதில் நான்காகப் பிரியுங்கள். சூப்பர் அவ்வளவு சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாது, இரண்டு தடவையே போதும்.

"ஒரு கைப்பிடி" என்று அளக்காதீர்கள். என் கைப்பிடியும் என் அப்பா கைப்பிடியும் ஒன்றில்லை. சமையலறைத் தராசு மாதிரி ஒன்று தோட்டத்துக்கென்று வாங்கி வைத்தால் அது பத்து வருடம் உழைக்கும்.

தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சிவப்புப் பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் குளோரைடு ஏறாது. 100 கிராம் சிவப்புப் பொட்டாஷுக்கு ஈடாக இது 120 கிராம். தென்னைக்கு மட்டும் சிவப்புப் பொட்டாஷே சரி. அதற்குக் குளோரினும் தேவைப்படும் சத்துதான்.

படி 6: வைக்கும் விதம்

நல்ல உரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரம் வைத்தால் அது வேரிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மறுநாள் காலையில் செடியின் வெளிக்கிளை நுனிக்கு நேர் கீழே, வட்டமாக, நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்துங்கள். தண்டுக்குப் பக்கத்தில் இருப்பது தாங்கும் வேர், சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் வெளி வட்டத்தில்தான் இருக்கும். மல்லிக்குத் தண்டிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி. எலுமிச்சை, கொய்யாவுக்கு இரண்டு மூன்று அடி. தென்னைக்கு மரத்திலிருந்து ஆறு அடி ஆரத்தில் வட்டப் பாத்தி. தண்டை ஒட்டிக் குவியலாகக் கொட்டிய யூரியாவால் பட்டை வெந்துபோன செம்பருத்தியைப் பார்த்திருக்கிறேன், அது பிழைக்கவில்லை.

கொத்தும்போது மண்வெட்டியை ஓங்கிப் போடாதீர்கள். பல்லாண்டுச் செடியின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் ஓர் அடிக்குள்ளேதான் ஓடுகிறது. களைக்கொத்து போதும்.

உரத்தை வட்டம் முழுவதும் சீராகத் தூவி, உடனே மண்ணை இழுத்து மூடுங்கள். திறந்து கிடக்கும் யூரியா வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகிவிடும், மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் உரம்தான். மூடியதும் தண்ணீர். மணலில் கொஞ்சமாக, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. ஒரேயடியாகக் குழாயைத் திறந்துவிட்டால் மழை செய்த வேலையை நாமே செய்கிறோம்.

அப்புறம் மூடாக்கு. தென்னை மட்டை, உரிமட்டை, காய்ந்த வேப்பிலை, கரும்புத் தோகை எதுவாக இருந்தாலும் மூன்று அங்குலம், தண்டிலிருந்து ஒரு கை அகலம் விட்டு.

சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகும். சுண்ணாம்பும் அப்படியே. டி.ஏ.பி. கரைசலில் எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேட்டைச் சேர்த்தால் பால் மாதிரி திரிந்து அடியில் தங்கும். இரண்டையும் ஒரு வாரம் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கொடுங்கள்.

செடிவாரியாக

குண்டுமல்லி: புத்தகத்தில் நவம்பர் கடைசி வாரம் கவாத்து என்று இருக்கும். கடலூரில் அந்த வாரம் புயல் வாரம். நான் கார்த்திகை தீபம் கழிந்து, வானம் வெளுத்த பிறகு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டுகிறேன். வெட்டிய அன்றே தொழு உரம், பத்துப் பதினைந்து நாள் கழித்து முதல் பாதி ரசாயன உரம், ஆடியில் மறுபாதி. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், கூடவே 1 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், சாயங்காலத்தில் தெளிப்பு. இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை. பூக்கும் காலத்தில் யூரியாவைக் கூட்டினால் இலைதான் வரும்.

கறிவேப்பிலை: இலைக்காகவே வளர்ப்பதால் தழைச்சத்து வேண்டும். பரிந்துரை வருடத்துக்கு 20 கிலோ தொழு உரம், தழை 150, மணி 25, சாம்பல் 50 கிராம். அடிக்கடி அறுவடை செய்யும் தோட்டத்துக்கு இது சரி. ரசத்துக்கும் குழம்புக்கும் நான்கு இணுக்கு கிள்ளும் வீட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு ரசாயன உரம் போதும், எருவைக் குறைக்க வேண்டாம். புளித்த மோர் ஊற்றுவது நல்ல பழக்கம், செடி பச்சை பிடிக்கும், ஆனால் மோரை மட்டும் நம்பி எருவை விட்டால் குச்சியாகத்தான் நிற்கும். உப்புப் போட்ட மோர் வேண்டாம்.

ரோஜா: அக்டோபரில் கவாத்து என்பது மேட்டு நிலத்துக்காரர்களுக்கு. இங்கே வெட்டுக்காயத்தில் மழைத் தண்ணீர் இறங்கி நுனிக்கருகல் பிடிக்கும். மார்கழியில் வெட்டி, 5 முதல் 10 கிலோ மட்கிய எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, எலும்புத் தூள். ரோஜாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதுதான் பிடிக்கும்.

செம்பருத்தி: இதற்கு மணிச்சத்து அதிகம் வேண்டாம். டி.ஏ.பி.யை அள்ளி வைத்தால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போய், இலை வெளுத்து மொட்டு உதிரும். எருவும் பொட்டாஷும் கொஞ்சம் யூரியாவும் போதும். மாவுப்பூச்சி இருக்கும்போது உரம் வைக்காதீர்கள், இளந்தளிர் அதற்கு விருந்து.

இட்லிப்பூ, நந்தியாவட்டை, பவழமல்லி, அரளி: வருடத்துக்கு இரண்டு தடவை எரு. இட்லிப்பூவுக்கு மட்டும் மல்லிக்குச் சொன்ன இரும்புத் தெளிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை: வீட்டுத் தோட்டத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், காரணம் நுண்ணூட்டக் குறை, அதாவது மிகக் கொஞ்சமாகவே தேவைப்படும் சத்துகளின் குறை. புதுத் துளிர் சின்னதாக, குறுகலாக, மஞ்சள் திட்டோடு வந்தால் துத்தநாகம் குறைவு. துளிர் விரியும் நேரத்தில் லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், இலை கருகாமல் இருக்க இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரைத்து வடிகட்டித் தெளியுங்கள். மார்ச், ஜூலை, அக்டோபர் என்று மூன்று துளிருக்கும் தெளிக்கலாம், இலைவழி என்பதால் மழை விட்ட ஒரு நாளைப் பார்த்து ஐப்பசியிலும் செய்யலாம். வேருக்கு தை, ஆவணி என்று எருவும் கலப்பு உரமும்.

கொய்யா: பங்குனித் தொடக்கத்தில் ஒரு பங்கு, புரட்டாசி முதல் பாதியில் எருவோடு ஒரு பங்கு. மா: காய் பறித்து முடித்த ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மார்கழியில் மாவுக்குத் தழைச்சத்து போனால் பூவுக்குப் பதில் துளிர் வந்துவிடும்.

தென்னை: காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ எரு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர், 2 கிலோ பொட்டாஷ். பாதி ஆடிக்கு முன்பின், பாதி மார்கழி தை. எல்லோரும் பொட்டாஷில்தான் கை வைத்துக் குறைக்கிறார்கள், தென்னை அதிகம் கேட்பதே அதைத்தான்.

தொட்டியும் பையும்

புதுச்சேரியில் முத்தியால்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் தோட்டம் என்றால் மாடிதான். என் அக்கா வீட்டு மாடியில் செம்பருத்தி, மல்லி, கறிவேப்பிலை எல்லாமே தொட்டியில் பல வருடமாக நிற்கின்றன. தரைக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் இதுதான்: தொட்டியில் போட்டது எங்கேயும் பரவ முடியாது. அதனால் குருணையை விட்டுவிட்டு, தழை, மணி, சாம்பல் மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், 15 நாளுக்கு ஒரு தடவை கொடுங்கள், தை முதல் பங்குனி வரையும் ஆடி முதல் புரட்டாசி வரையும். இரண்டு தடவைக்கு நடுவே மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. மேல்மண்ணில் கோலமாவு தூவினது மாதிரி வெள்ளை படிந்தால் அது உப்பு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை அடியில் வடியும்படி ஊற்றுங்கள், ஒரு மாதம் உரம் நிறுத்துங்கள். ஐப்பசி மழை இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும், தொட்டி ஓட்டை மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் இரண்டு தடவை அலசிப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், செடியை எடுத்து ஓரத்து வேரைக் கால்பங்கு நறுக்கி, மண்ணை மாற்றி வைக்க வேண்டும். அக்கா இதைத் தள்ளிப் போட்ட வருடம் மல்லி பூப்பதை நிறுத்தியது, மாற்றி வைத்த அதே பங்குனியில் பூத்தது.

இலை சொல்வதைப் படிப்பது

அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் காய்ந்து பழுப்பேறினால் பொட்டாஷ். அடி இலையில் நடுவே பச்சையும் இரு பக்கமும் மஞ்சளும் என்றால் மக்னீசியம், லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு தெளியுங்கள். நுனி இலை வெளுத்து நரம்பு பச்சை என்றால் இரும்பு. எல்லா இலையிலும் நுனி கருகினால் உப்பு, உரத்தை நிறுத்துங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி மஞ்சளானால் வேருக்குக் காற்றில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மஞ்சளில் பெரும்பாலானது இந்தக் கடைசி வகை. அதற்கு மருந்து தண்ணீரை வடிப்பது. வடிந்து ஒரு வாரம் கழித்து இலைவழியாக லிட்டருக்கு 5 கிராம் யூரியா தெளித்தால் சீக்கிரம் தேறும்.

புயலுக்குப் பிறகு

நம் ஊர் வழிகாட்டியில் இது இல்லாமல் முடியாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் சாய்ந்து கிடந்ததை மறக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்றைவிட மழைதான் கொடுமை. இரண்டு தடவையும் அடுத்த வாரமே "மரத்துக்கு பலம் வேண்டும்" என்று உரம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். வேர் அறுந்து ஆடிப்போன மரம் உரத்தை எடுக்காது, அந்த உப்பு அறுந்த வேரை இன்னும் கெடுக்கும்.

முதலில் கடற்காற்று படிந்த இலையை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், முடிந்தால் இரண்டு நாளுக்குள். முறிந்த கிளையைச் சுத்தமாக அறுத்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். சாய்ந்த சின்ன மரத்தை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, வெளியே தெரியும் வேரை மண்ணால் மூடி, வேர் எவ்வளவு போயிருக்கிறதோ அதற்கு ஏற்றபடி மேலே கிளையைக் குறையுங்கள். கடல்நீர் புகுந்த மனையாக இருந்தால், மண் பரிசோதனை செய்து, அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, மழைநீரைத் தேக்கி வடியுங்கள். சோடியம் வெளியேறும்வரை எந்த உரமும் வேலை செய்யாது. மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் கண் விட்டால் வேர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கு லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமோ 5 மில்லி மீன் அமிலமோ இலைக்குத் தெளியுங்கள். அதற்கும் ஒரு மாதம் கழித்து, தை வெயில் நிலைத்து, துளிர் முற்றி அடர்பச்சை ஆன பிறகு, வழக்கத்தில் பாதி எருவை வெளி வட்டத்தில் போட்டு மண்ணை மூடுங்கள். ரசாயன உரத்துக்கு ஆடி வரை காத்திருங்கள்.